கொடுத்த பிறகும் ஒரு சாவி

தன் சொந்த அண்ணனுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயரைச் சலவைக்கடைக்காரி முதன்முதலாகக் கேட்டது ஒரு பூட்டுக்கடை வாசலில். கடை ஷட்டருக்கு இன்னொரு சாவி வெட்டலாமென்று போயிருந்தாள். பூட்டுக்கடைக்காரர் அவள் நீட்டிய சாவியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதே சாவியை நான் ஏற்கெனவே வெட்டிக் கொடுத்திருக்கேனேம்மா. சாவிக்கொத்துதானே கொண்டு வந்தார்?"

"சாவிக்கொத்தா? அது யாரு?"

"அதான், நெட்டையா ஒருத்தர். ஆள் வர்றதுக்கு முன்னாடி இடுப்புச் சத்தம் வந்துடும். மூக்கு அப்படியே உங்க மூக்கு."

அந்த மூக்கு அவர்கள் குடும்பத்தில் மூன்று பேருக்குத்தான் உண்டு. ஒன்று அவளுடையது. அக்கா குட்டை. மிச்சம் அண்ணன்தான். கடைச் சாவியை அவள் அண்ணனிடம் கொடுத்ததே இல்லை. ஒரே ஒரு நாள், பல்வலி தாங்காமல் மருத்துவரிடம் ஓடியபோது, ஒரு மணி நேரம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு மணி நேரம் போதாதா?

இப்படி ஓர் இனம் இருக்கிறது. தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். உங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருப்பார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கஞ்சர்கள் என்று இவர்களை நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் கொடுக்கவே மாட்டான், கதை அதோடு முடிந்தது. இவர்கள் கொடுப்பார்கள், கேட்காமலே கொடுப்பார்கள், கொடுத்ததை நாலு பேரிடம் சொல்லாமலும் இருப்பார்கள். ஆனால் கொடுத்த பொருளின் வாலை மட்டும் விடமாட்டார்கள்.

குடையை இரவல் கொடுத்துவிட்டு மழையில் நனைந்தபடியே கூட நடந்து வந்து, "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, கம்பி வளைஞ்சிடும்" என்பார்கள். பழைய ஸ்கூட்டரை விற்று, கைகுலுக்கி, வாங்கியவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பிவிட்டு, அதன் இன்னொரு சாவியைப் பத்து வருடம் மேசை இழுப்பறையில் வைத்திருப்பார்கள். மகளுக்குத் தனி அறை கொடுத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்; ஆனால் தட்டும்போதே சாவி துவாரத்தில் இருக்கும். சங்கத்தின் செயலாளர் பதவியை மாலை மரியாதையோடு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, முத்திரையை வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள். ஏன் என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

நம்முடைய சாவிக்கொத்து இந்த இனத்தில் முதல் வரிசை. முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் பொருள் கிடங்கு பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று கிடங்குச் சாவிகளை ஒவ்வொன்றாக எண்ணி, கையெழுத்து வாங்கி, கண்கலங்க ஒப்படைத்தார். ஒன்று இடுப்பிலேயே தங்கிவிட்டது. அந்தக் கிடங்கை இடித்து இரண்டு வருடம் ஆகிறது. சுவர் இல்லை, கதவு இல்லை, பூட்டு இல்லை. சாவி இருக்கிறது.

இடுப்பு வளையத்தில் பதினேழு சாவிகள். அதில் அவருடைய சொந்தப் பூட்டுக்கு உரியவை மூன்று. மற்றதெல்லாம் ஊர் சாவி. திருட்டு எண்ணம் மனிதருக்குத் துளிகூடக் கிடையாது. எதிர்வீட்டம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குப்பை கொட்ட வெளியே வந்து, காற்றில் கதவு சாத்திக்கொண்டு நின்ற காலையில், பூட்டை உடைக்க ஆள் தேடி எல்லோரும் ஓடினார்கள். சாவிக்கொத்து மட்டும் ஓடவில்லை. ஜல் ஜல் என்று படியேறி வந்து, பதினான்காவது சாவியைப் போட்டுத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு, "பால் கொஞ்சம் அடிப்பிடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். தன் வீட்டுச் சாவி அவரிடம் எப்படி வந்தது என்று அந்தம்மாவுக்கு அன்று சாயங்காலம்தான் யோசிக்கத் தோன்றியது.

இப்பேர்ப்பட்டவர் ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய் டிஜிட்டல் காசில் போட்டாரே, அது ஏன் தெரியுமா? இலாபம் என்று ஊர் நினைத்தது. அவர் மனைவிக்கு, அதாவது நம் சலவைக்கடைக்காரியின் அண்ணிக்கு, உண்மை தெரியும். அந்தக் காசைக் கண்ணால் பார்க்க முடியாது, கையில் எடுக்க முடியாது, பெட்டியில் பூட்ட முடியாது. அது எங்கோ கணினிகளின் கணக்கில் கிடக்கிறது. மனிதர் கையில் இருப்பது அதைத் திறக்கும் சாவி மட்டும்: கட்டைவிரல் அளவில் ஒரு கருவி, அதற்கு ஒரு ரகசிய எண், கருவி கெட்டுப்போனால் மீட்டெடுக்க வரிசையாக இருபத்து நான்கு சொற்கள். பொருளே இல்லாமல் சாவி மட்டும் உள்ள சொத்து! சாவிக்கொத்துக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது போல இருந்தது. அவர் போட்டபோது மலிவாக இருந்தது, பிறகு அதுபாட்டுக்கு ஏறியது.

இந்த நேரத்தில்தான் தங்கையின் கடையில் பெரிய சலவை இயந்திரம் நின்றுபோனது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை. வயிறு நிறைய ஈரத் துணியோடு ஓர் உறுமல் உறுமிவிட்டு நின்றது. அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துத் தெரு மருத்துவமனை, தன் படுக்கை விரிப்பு, தலையணை உறை முழுவதையும் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கே கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தது. மூன்று வருடமாக ஒற்றைச் சட்டையும் ஒற்றைப் பாவாடையும் துவைத்துப் பிழைத்தவளுக்கு முதல் பெரிய வேலை. திங்கட்கிழமை விரிப்பு போகாவிட்டால் வேலை வேறு கடைக்குப் போய்விடும். இயந்திரம் விற்பவர் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிவரைக்கும்தான் வைத்திருப்பேன், அப்புறம் வரிசையில் அடுத்தவர் என்று சொல்லியும் விட்டார்.

"கடனுக்கு ஈடு என்கிட்ட இருக்கு" என்றார் அண்ணன், கேட்கும் முன்பே. "என் காசை வை. தங்கச்சிக்கு இல்லாம வேற யாருக்கு?"

அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள். "கொடுப்பாரு" என்றாள். "கொடுக்கிற வரைக்கும் பிரச்சினையே கிடையாது."

வியாழக்கிழமை காலை இருவரும் கடன் சங்கத்துக்குப் போனார்கள். சின்ன அறை, இரண்டு மேசை, ஒரு நீர்க்குடுவை, நின்றுபோன சுவர்க் கடிகாரம். சங்கத்தின் வக்கீலம்மா இளவயது, நிதானமான பேச்சு. இந்தக் காசை ஈடாக வாங்குவதற்கென்றே புதிதாக ஒரு சட்டம் வந்திருப்பதைச் சொன்னாள். சட்டப் புத்தகத்தில் அது எத்தனையோ பக்கம் ஓடும். நமக்கு வேண்டியது அந்த மேசையில் பேசிக்கொண்ட அளவுதான்.

"ஈடு வைக்க ரெண்டு வழி இருக்குங்கய்யா. ஒண்ணு, பதிவேட்டுல எழுதி வைக்கிறது. இன்னொண்ணு, காசோட பிடியை எங்க கைக்கு மாத்திடறது."

"முதல் வழியே போதுமே! எழுதிக்குங்க. எத்தனை கையெழுத்து வேணும்? வலது கை, இடது கை, எதுலயும் போடறேன்."

"பதிவேட்டுல எங்க பேர் இருக்கும். சாவி உங்ககிட்ட இருக்கும். நாளைக்கு நீங்க அந்தக் காசையே இன்னொருத்தர்கிட்ட ஈடா வச்சு, பிடியை அவர் கையில கொடுத்துட்டீங்கன்னா, சட்டம் அவருக்குத்தான் முதல் இடம் கொடுக்கும். முன்னாடியே எழுதி வச்ச நாங்க அவருக்குப் பின்னாடி நிக்கணும்."

"நான் அப்படிப்பட்ட ஆளா?"

"இல்லீங்கய்யா. சட்டம் உங்களைப் பார்த்து எழுதல."

சலவைக்கடைக்காரிக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. "சீட்டு ஒருத்தர்கிட்ட, துணி இன்னொருத்தர்கிட்ட. அதானேம்மா? சீட்டைக் கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாது."

வக்கீலம்மா சிரித்தாள். "அதேதான்."

"சரி, பிடியையே எடுத்துக்குங்க" என்றார் சாவிக்கொத்து பெருந்தன்மையாக. "இருபத்து நாலு சொல்லையும் எழுதித் தந்துடறேன். எதுக்கும் ஒரு நகல் மட்டும் என்கிட்ட..."

"அதுதான் கூடாது. பிடின்னா முழுப் பிடி. அந்தக் காசை நாங்க மட்டும்தான் நகர்த்த முடியணும். வேற யாரும் நகர்த்தாம தடுக்கிற சக்தியும் எங்ககிட்டதான் இருக்கணும்."

"பாதிச் சொல் உங்ககிட்ட, பாதி என்கிட்ட?"

"இல்லீங்கய்யா."

"ஓர் உறையில போட்டு அரக்கு வச்சு ஒட்டிடலாம்."

"உறை யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்டதான். பத்திரமா இருக்கும்."

தங்கை நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வக்கீலம்மாவுக்குக் கோபம் வரவில்லை. இந்த இனத்தை அவள் முன்பும் பார்த்திருக்க வேண்டும். "ஐயா, உங்க சொல்லே எங்களுக்கு வேண்டாம். அதை நீங்க பார்த்தவர். பார்த்ததைத் திருப்பி வாங்க முடியுமா? நீங்க காசை எங்க பெட்டகத்துக்கு அனுப்பிடுங்க. அதோட சாவி சங்கத்துகிட்ட மட்டும்தான். கடன் முடிஞ்ச அன்னைக்குக் காசு உங்களுக்கே வந்துடும். ஒப்பந்தத்துல எழுதித் தர்றோம்."

"ரொம்ப நியாயம்" என்றார் சாவிக்கொத்து. "அந்தப் பெட்டகச் சாவிக்கு ஒரு..."

"கிடையாதுங்கய்யா."

வேறு வழியில்லாமல் கருவியை எடுத்துக் கணினியில் செருகினார். ரகசிய எண் கேட்டது. அங்கேதான் பாருங்கள், பத்திரத்துக்கு மேல் பத்திரம் பார்க்கிறவன் எங்கே வந்து நிற்பான் என்பது தெரிந்தது. யாராவது எட்டிப் பார்த்திருப்பார்களோ என்று அந்த எண்ணை அவர் வாரம் ஒரு முறை மாற்றுவார். போன வார எண்ணைப் போட்டார், தப்பு. அதற்கு முந்தினதைப் போட்டார், தப்பு. மூன்றாவது தப்புக்குக் கருவி தன்னைத் தானே சுத்தமாகத் துடைத்துக்கொண்டது. திருடனுக்காகச் செய்துவைத்த ஏற்பாடு.

முதல் இரண்டு தப்புக்கும் அண்ணன் முகத்தில் வேர்வை இருந்தது. மூன்றாவதற்கு ஒரு நிம்மதி தெரிந்ததைத் தங்கை கவனித்தாள். கூடப் பிறந்தவள் கண்ணிலிருந்து எது தப்பும்?

"பரவாயில்ல, காசு எங்கயும் போகல" என்றாள் வக்கீலம்மா. "அந்த இருபத்து நாலு சொல்லையும் வரிசையாப் போட்டா திரும்ப வந்துடும். சொல் எங்க இருக்கு?"

சாவிக்கொத்து மேலே பார்த்தார். கீழே பார்த்தார். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து, "இதுக்கு யாரும் பேட்டரி மாத்தறதில்லையா?" என்றார்.

"அண்ணா, சொல் எங்க?"

சொற்கள் ஓர் இடத்தில் இல்லை. ஓர் இடத்தில் வைப்பது முட்டாள்கள் செய்கிற வேலை அல்லவா? ஆறாறாக நாலு சீட்டில் எழுதி, நாலு பேரிடம், என்னவென்று சொல்லாமல் கொடுத்து வைத்திருந்தார். கொடுத்தது மூன்று வருடத்துக்கு முன்னால்.

முதல் சீட்டு அண்ணியிடம் இருந்தது. "வீட்டு வரி ரசீதுன்னு சொல்லித்தானே கொடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து அதை எடுத்தாள். "நானும் மூணு வருஷமா வரி கட்டியாச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்."

இரண்டாவது பூட்டுக்கடைக்காரரிடம். ஊரில் வேறு யாரையும் நம்பாதவர், எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த மனிதரை நம்பியிருந்தார். அவரும் அதை வீணான சாவிகள் போடும் தகர டப்பாவின் அடியில் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

மூன்றாவதுதான் சங்கடம். அது மாமாவிடம் இருந்தது. மாமா என்றால் மூத்த அக்காவைக் கட்டியவர். இந்தக் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை. போன வருடம் அக்காவும் மாமாவும் வெளியூர் போயிருந்தபோது, சாவிக்கொத்து அவர்கள் வீட்டுக்குள் போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி, தரையைத் துடைத்து, கதவைப் பூட்டிவிட்டு வந்தார். நல்ல காரியம்தான். ஆனால் அந்த வீட்டுச் சாவியை அவருக்கு யாரும் கொடுத்ததில்லையே! மாமா கொதித்துப்போனார். பூட்டையே மாற்றிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு அக்கா வழியாகத்தான்.

வெள்ளிக்கிழமை காலை சாவிக்கொத்து அந்த வாசலில் நின்றார், தங்கையின் முதுகுக்குப் பின்னால்.

"யாரு வந்திருக்கா?" என்று மாமா உள்ளேயிருந்தே கேட்டார்.

"தம்பி வந்திருக்கான்" என்றாள் அக்கா.

"அவனுக்கு எதுக்குக் கதவைத் திறக்கணும்? அவனேதான் திறந்துக்குவானே! ஓ, மறந்துட்டேன். பூட்டை மாத்திட்டேன்ல?"

"மாமா, திங்கட்கிழமைக்குள்ள எனக்கு மெஷின் வரணும்" என்றாள் தங்கை. "வராட்டி ஆஸ்பத்திரி வேலை போயிடும். நீங்க அண்ணன்கூடப் பேச வேண்டாம். சீட்டை மட்டும் கொடுங்க."

மாமா கொஞ்ச நேரம் செருமினார். பிறகு பழைய நாட்காட்டிக்குப் பின்னாலிருந்து சீட்டை உருவி, மச்சானைப் பார்க்காமல் தங்கையிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டினார். "நானும் வர்றேன். இவன் கொடுக்கிறதைக் கண்ணால பார்க்கணும்."

"நாலாவது?" என்றாள் தங்கை தெருவில் நடந்துகொண்டே.

சாவிக்கொத்து நடையை எட்டிப் போட்டார். நேராக அவள் கடைக்குப் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். கடை திறந்த அன்று அவரே பரிசாகக் கொடுத்த கடிகாரம். அதன் முதுகுத் தகட்டுக்குள் மடித்த சீட்டு இருந்தது.

மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்துவிடுவார். "பேட்டரி மாத்த வந்தேன்" என்பார். பேட்டரி ஒரு வருடம் வரும் என்பது சலவைக்கடைக்காரிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் பேசாமல் இருந்தாள். ஏதோ ஒரு சாக்கு வைத்துக்கொண்டு தங்கையைப் பார்க்க வருகிறான், வரட்டும் என்று இருந்தாள். அவர் வருகிற ஞாயிறுகளில் இரண்டு கோப்பை டீ அதிகம் போட்டு வைப்பாள்.

"அப்போ நீ சீட்டைப் பார்க்கத்தான் வந்தியா?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் போயிற்று.

ஸ்டூல் மேல் நின்றபடியே அவர் திருதிருவென்று விழித்தார். "உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். வந்ததுக்கு எதுக்கும் அதையும் ஒரு தடவை..."

"இறங்கு" என்றாள்.

பகல் ஒரு மணிக்குக் கடன் சங்கத்தின் சின்ன அறை நிரம்பி வழிந்தது. அண்ணி, மாமா, தங்கை, வேடிக்கை பார்க்கக் கடையைச் சாத்திவிட்டு வந்த பூட்டுக்கடைக்காரர், நடுவில் சாவிக்கொத்து. மேசை மேல் நாலு சீட்டு. எதிலும் எண் போடவில்லை. எண் போட்டால் எடுத்தவனுக்கு வரிசை தெரிந்துவிடாதா?

"வரிசை எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார் பெருமையாக. "சீட்டு வச்சிருக்கவங்க வயசுப்படி. மூத்தவர் முதல்ல." பூட்டுக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்தேழு."

மாமாவுக்கு அறுபத்தாறு. ஆக, பூட்டுக்கடைக்காரர் முதலில், மாமா இரண்டாவது, பிறகு அண்ணி, கடைசியில் தங்கை. வக்கீலம்மா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள, சாவிக்கொத்து ஒவ்வொரு சொல்லாகக் கருவியில் ஏற்றினார். இருபத்து நாலும் முடிந்தது. கருவி ஏற்க மறுத்தது. மறுபடியும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து ஏற்றினார். மறுபடியும் மறுப்பு.

மணி இரண்டு. மாமா, "இவன் வேணும்னே செய்யறான்" என்றார் சுவரைப் பார்த்து.

"சத்தியமா இல்ல மாமா!"

சலவைக்கடைக்காரி பூட்டுக்கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையில் இப்போது முழு நரை. மூன்று வருடத்துக்கு முன்னால் மை போல இருந்த தலை அது. மாதம் இரண்டு சட்டை சலவைக்கு வரும். காலரிலெல்லாம் சாயம் ஒட்டியிருக்கும், தேய்த்துத் தேய்த்து அவளுக்குக் கை போகும். யாருடைய அழுக்கு எந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று சலவைக்காரிக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

"அண்ணே, அப்போ உங்களுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டிருந்தாங்களே" என்றாள். "அந்த நேரத்துல எங்க அண்ணன்கிட்ட என்ன வயசு சொன்னீங்க?"

பூட்டுக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே. என் பிழைப்பு."

"ஐம்பத்திரண்டு" என்றார், வாய்க்குள்ளேயே.

"மூணு வருஷத்துல பதினஞ்சு வயசா?" என்று அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொண்ணு அமையல. இப்ப பஸ்ஸுல மூத்தவங்களுக்குப் பாதிக் கட்டணம்" என்றார் அவர். "எதுக்குங்க மறைக்கணும்?"

அண்ணிக்கு அப்போது ஐம்பத்து நாலு. ஆக, மாமா முதலில், அண்ணி இரண்டாவது, பூட்டுக்கடைக்காரர் மூன்றாவது, தங்கை நாலாவது. சொற்கள் மறுபடி ஏறின. கடைசிச் சொல் விழுந்ததும் கருவியின் சின்னத் திரையில் பச்சை வெளிச்சம் வந்தது. காசு முழுவதும் அப்படியே இருந்தது.

மணி இரண்டரை. சங்கத்துப் பெட்டகத்தின் முகவரியை வக்கீலம்மா போட்டுக் கொடுத்தாள். இனி ஒரே ஒரு பொத்தான். சாவிக்கொத்து விரலை அதன் மேல் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது.

எல்லாம் செய்தவர் இதைச் செய்ய மாட்டாரா என்று கேட்பீர்கள். மாட்டார். இந்த இனத்துக்கு அதுதான் இடம். கையெழுத்துப் போடுவார்கள், சத்தியம் செய்வார்கள், தெருத்தெருவாக அலைவார்கள், கோபக்கார மாமா வாசலில் நிற்பார்கள். விடுவது மட்டும்தான் வராது.

"அனுப்பினா அப்புறம் என்கிட்ட ஒண்ணுமே இருக்காதே" என்றார், குழந்தை மாதிரி.

தங்கை எழுந்து வந்தாள். அவர் இடுப்பிலிருந்து சாவி வளையத்தை அவிழ்த்து மேசை மேல் வைத்தாள். ஜல் என்றது.

"இது எதிர்வீட்டம்மாவோடது. இது பூட்டுக்கடையோடது."

"என்னோடதா?" என்றார் பூட்டுக்கடைக்காரர். "அதை எங்க வெட்டினீங்க?"

"இது என் கடைச் சாவி" என்றாள் தங்கை. "நான் கொடுக்கல, நீயா வெட்டிக்கிட்ட. அது எனக்குத் தெரிஞ்சு ஒரு வருஷமாச்சு. அன்னைக்கே பூட்டை மாத்தியிருக்கலாம். மாத்தல. ஏன் தெரியுமா?"

"ஏன்?"

"எதுக்கும் ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும்னுதான்."

சாவிக்கொத்து அந்தச் சாவியையே பார்த்தார். மாமா நாற்காலியில் அசைந்தார், செருமினார், கைக்குட்டையை எடுத்து மறுபடி உள்ளே வைத்தார்.

"நானும் மாத்தல" என்றார் கடைசியில். ஒரு வருடத்துக்குப் பிறகு மச்சானிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "மாத்திட்டேன்னு சொன்னேன், அவ்வளவுதான். உங்க அக்கா என்னைக்காவது சாவியை உள்ள வச்சுட்டு வெளிய நின்னா? நான் வேற யாரைக் கூப்பிடறது?"

"பதினேழு பேரு உன்னை நம்பறாங்க" என்றாள் தங்கை.

"பதிமூணு" என்றாள் அண்ணி. "மூணு நம்மளோடது, ஒண்ணு இடிச்ச கிடங்கோடது."

சாவிக்கொத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

காசு போய்ச் சேர்ந்து, சங்கத்தின் கைக்குப் பிடி வந்துவிட்டது என்று கணினி உறுதி சொல்ல அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. வக்கீலம்மா முத்திரை குத்தி, மூன்று நாற்பதுக்கு இயந்திரம் விற்பவருக்குப் பணம் அனுப்பினாள். தங்கை தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துவிட்டு அண்ணன் தோளைத் தட்டினாள். அவர் கண்ணைத் திறந்து, தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தார். விரல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் வந்தது. திங்கட்கிழமை விரிப்புகள் வெள்ளை வெளேரென்று மருத்துவமனைக்குப் போயின. இன்றுவரை போய்க்கொண்டிருக்கின்றன. இயந்திரத்தோடு இரண்டு சாவிகள் வந்திருந்தன. ஒன்றை அவளே எடுத்து அண்ணன் வளையத்தில் மாட்டிவிட்டாள். ஒருவர் தானாகவே கொடுத்த முதல் சாவி. மனிதர் இரண்டு நாள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். மூன்றாம் நாள் பூட்டுக்கடைக்குப் போய் அதற்கொரு நகல் வெட்டிக்கொண்டார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இனி எழுந்து போய் உங்கள் மேசை இழுப்பறையை ஒரு தடவை திறந்து பாருங்கள். எந்தப் பூட்டுக்கென்று தெரியாமல் அதில் நாலு சாவி கிடக்குமே, அவற்றைத் தூக்கி எறிய ஏன் இன்றுவரை கை வரவில்லை? மருமகளிடம் சமையலறையை விட்டுக்கொடுத்த மாமியாரே, அந்த ஒரு பக்குவத்தை மட்டும் ஏன் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை? வேலையை விட்டு வந்த பிறகும் பழைய அலுவலகத்துக் கணினியின் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தீர்களே, எதற்காக? சொல்ல வேண்டாம். பதில் தெரியும்.

கடன் சங்கத்தின் அந்தச் சின்ன அறையில் நின்றுபோன கடிகாரம் இப்போது இல்லை. அதன் இடத்தில் புதுக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. சாவிக்கொத்து அன்பளிப்பாகக் கொடுத்தது. வக்கீலம்மா அதை மாட்டும் முன் முதுகுத் தகட்டைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கடிகாரத்துக்கு மாதம் ஒரு பேட்டரி வேண்டியிருக்கிறது.

இன்று மாதத்தின் முதல் வேலைநாள். சாவிக்கொத்து இப்போது அங்கேதான், பெட்டகக் கணினிக்கு நேர் மேலே, நாற்காலியில் ஏறி நிற்கிறார்.